நகரும் கண்ணாடி, நகராத கருவி

தோட்டத்து லயக் காம்பராவை யாரும் ஆய்வுகூடம் என்று சொன்னதில்லை. ஒரு கதவு, இருந்தால் ஒரு சின்ன யன்னல், பின்சுவர் பின்வீட்டோடு ஒட்டியது, பகலிலும் லைட் போட வேண்டிய இருட்டு. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துப் பழைய லயங்கள் பலவற்றில் இன்றைக்கும் இதுதான் நிலைமை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சூரியனின் உருவத்தைச் சுவரில் விழுத்திப் பார்க்க அந்த இருட்டு நன்றாகவே உதவும்.

முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை எடுத்துக் கறுப்புத் தாளால் மூடுங்கள். தாளின் நடுவில் 5 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் ஓட்டை. அதை வாசலில், உள்ளே இருக்கும் பின்சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி, ஒரு ஸ்டூலில் நிறுத்தி வெயிலைக் காம்பராவுக்குள் அடியுங்கள். சுவரில் 9 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் அகலமான வெளிச்ச வட்டம் விழும். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் முக்கோணமாக வெட்டினாலும் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். மெல்லிய மேகம் குறுக்கே போனால் அதுவும் வட்டத்தின் மேல் ஊர்ந்து போவது தெரியும். கண்ணாடிக்குள் குனிந்து சூரியனைப் பார்க்க மட்டும் யாரையும் விடக் கூடாது. பார்வை போய்விடும்.

இப்போது வட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு நிமிடத்தில் வட்டம் கோட்டைத் தாண்டி 4 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். இரண்டு நிமிடம் கொஞ்சம் கடந்தால் தன் முழு அகலத்துக்கும் விலகிவிடும். ஸ்டூலும் கண்ணாடியும் அசையவில்லை, பூமிதான் சுழன்றிருக்கிறது. மணிக்கு 15 பாகை, நிமிடத்துக்குக் கால் பாகை. வட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு பிள்ளையைக் கண்ணாடிப் பக்கத்தில் உட்காரவைத்து, மெல்ல மெல்லத் திருப்பச் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளையின் விரல் செய்கிற வேலையை ஒரு கடிகாரத்திடம் கொடுத்த கதைதான் இந்த அத்தியாயம். வானியலில் பெரிய கருவிகள் சில இடத்தை விட்டு அசைவதே கிடையாது. நீளமான வில்லைக் குழாய், பல மீற்றர் நீளமான நிறமாலைமானி என்று அவை தரையோடு தரையாகவோ தரைக்குக் கீழேயோ கிடக்கும். வெளியே ஒரு தட்டைக் கண்ணாடி சூரியனையோ நட்சத்திரத்தையோ பின்தொடர்ந்து, ஒளியை ஒரே திசையில் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். டன் கணக்கான இரும்பைச் சுழற்றுவதை விட ஒரு கண்ணாடியைச் சுழற்றுவது மலிவு. ஆனால் கருவியை நிறுத்திவிட்டதால் தொல்லை நின்றுவிடுவதில்லை. அது கண்ணாடிக்கு இடம் மாறுகிறது. இந்தக் கருவிகளின் நூற்றைம்பது வருடக் கதையில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

முதலில் கண்ணாடி எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று பார்ப்போம். பாடசாலையில் படித்த விதி போதும்: படுகோணமும் தெறிகோணமும் சமன். கண்ணாடியை 1 பாகை திருப்பினால் படுகோணம் 1 பாகை மாறும், தெறிகோணமும் 1 பாகை மாறும், ஆகவே தெறித்த கதிர் 2 பாகை விலகும். சூரியன் மணிக்கு 15 பாகை போகிறது என்றால், கதிரை ஒரே இடத்தில் பிடித்துவைக்கக் கண்ணாடி மணிக்கு 7.5 பாகை திரும்பினால் போதும். அந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 48 மணி நேரம். சுவர்க் கடிகாரத்தின் மணி முள் 12 மணிக்கு ஒரு தடவை சுற்றுகிறது. அதன் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைக்கும் பல்சக்கரம் இருந்தால் கணக்கு சரி.

வேகம் சரி, எந்த அச்சைச் சுற்றித் திருப்புவது? இங்கேதான் மூளை வேலை செய்திருக்கிறது. வெயிலை அறைக்குள் நிலையாக நிறுத்தும் ஹீலியோஸ்டாட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தில் வந்துவிட்டது. லெய்டன் பேராசிரியர் க்ராவெசாண்டேயின் வடிவம் 1742இல் அச்சிலேறியது. ஊசலை ஆடவிட்டுப் பூமி சுழல்வதைக் கண்முன் காட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி லெயோன் ஃபூக்கோ, அதே எண்ணத்தை நட்சத்திரங்களுக்கு ஏற்ற நுட்பத்தோடு திருத்தி சைடரோஸ்டாட்டை வடிவமைத்தார். கருவி செய்து முடிவதற்குள், 1868இல், இறந்துபோனார். இவை இரண்டும் ஒளியை நமக்கு வேண்டிய திசையில் அனுப்பும். ஒரு குறை உண்டு: படத்தின் நடுப்புள்ளி மட்டும் நிலைத்து நிற்கும், சுற்றியுள்ள வானம் அந்தப் புள்ளியை மையமாக்கி மெல்லச் சுழன்றுகொண்டேயிருக்கும். சூரியனின் வட்டத்தைப் பார்க்கும்போது இது அவ்வளவாக உறுத்தாது. ஐந்து நிமிடம் படத்தட்டைத் திறந்துவைத்து நட்சத்திரக் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்றால், ஓரத்து நட்சத்திரங்கள் கீற்றுக் கீற்றாய் இழுபட்டுவிடும்.

அந்தக் குறையைத் தீர்த்தது சீலோஸ்டாட். 1895இல் இதை முன்வைத்தவர் பாரிஸ் பேராசிரியர் கேப்ரியல் லிப்மன். நிறப்படம் எடுக்கும் முறைக்காக 1908இல் நோபல் பரிசு வாங்கியவர் அவரே. அவருக்கு அரை நூற்றாண்டு முன்னமே, 1839இல், ஜெர்மனியில் ஆகஸ்ட் என்பவர் இதே அமைப்பை விவரித்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. அமைப்பு எளிது. பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக ஒரு கம்பியை நிறுத்துங்கள். அந்தக் கம்பி கண்ணாடியின் முகத்தோடு ஒட்டியே ஓடட்டும், அதாவது சுழலும் அச்சு கண்ணாடியின் தளத்துக்குள்ளேயே இருக்கட்டும். 48 மணிக்கு ஒரு சுற்று என்று திருப்புங்கள். கண்ணாடியில் தெரிகிற முழு வானமும் உறைந்து நின்றுவிடும். நடுவில் உள்ள நட்சத்திரம், ஓரத்தில் உள்ளது எல்லாமே.

காரணத்தைச் சூத்திரம் இல்லாமலே சொல்லலாம். பூமியின் சுழற்சி நட்சத்திரங்களைக் கிழக்கு மேற்காகத்தான் நகர்த்துகிறது, அவற்றின் வடக்கு தெற்கு நிலையைத் தொடுவதில்லை. கண்ணாடியின் முகம் அச்சோடு ஒட்டி நிற்பதால் அதன் திருப்பமும் கிழக்கு மேற்குக் கணக்கை மட்டுமே மாற்றும். எல்லா நட்சத்திரமும் அந்தக் கணக்கில் ஒரே வேகத்தில் போகின்றன. ஆகவே ஒன்றை நிறுத்துகிற அரை வேகம் அத்தனையையும் நிறுத்திவிடுகிறது.

இதை இரத்தினபுரியில் வைப்பதாக நினைத்துப் பாருங்கள். இலண்டனின் கிரீனிச்சில் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமான கம்பி ஐம்பத்தொன்றரைப் பாகை நிமிர்ந்து நிற்கும். கொடைக்கானலில் 10 பாகை. இரத்தினபுரியின் அகலக்கோடு 6.7 பாகை, கேகாலைக்கு அரைப் பாகை கூட. அதாவது 1 மீற்றர் கம்பியைத் தரையில் கிடத்தி வடக்கு முனையை மட்டும் 12 சென்ரிமீற்றர் உயர்த்தினால் வேலை முடிந்தது. அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடப்பதால் கண்ணாடி ஒளியைக் கிழக்கிலோ மேற்கிலோ கிடையாக அனுப்பும். ஐரோப்பாவில் பழகிய கருவி வரைபடங்கள் இங்கே அப்படியே செல்லாது.

வடக்கைக் கண்டுபிடிப்பது இன்னொரு பாடு. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து ஆறேழு பாகை உயரத்தில்தான் நிற்கிறது. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு மலைச்சரிவின் அடியில் நிற்கிறவருக்கு அது ஆயுளில் தெரியப் போவதில்லை. பழைய முறையே கதி: தரையில் ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் குறித்து நடுக்கோடு பிரித்தால் வடக்கு கிடைக்கும். ஏப்ரல் 7ஆம் திகதி வாக்கிலும் செப்டம்பர் 5ஆம் திகதி வாக்கிலும், சூரியன் இரத்தினபுரிக்கு நேர் உச்சியில் வருவதால், நடுப்பகலில் குச்சிக்கு நிழலே இராது. ஆனால் முறைக்குத் தேவை காலையும் மாலையும் விழும் நிழல்தான்.

சீலோஸ்டாட்டுக்கும் ஒரு குறை இருக்கிறது. கண்ணாடி வானத்தை நிறுத்துகிறதே தவிர, நாம் கேட்ட திசையில் அனுப்புவதில்லை. நட்சத்திரம் வடக்கே எவ்வளவு பாகையோ, கதிர் தெற்கே அவ்வளவு பாகை சாய்ந்து போகும். நட்சத்திரம் இடம் மாறாது, ஒருதடவை குழாயைச் சரியாக வைத்தால் போதும். சூரியனோ ஆனி மாதம் வடக்கே இருபத்து மூன்றரைப் பாகை, மார்கழியில் தெற்கே அதே அளவு. ஆகவே சூரியக் கருவிகளுக்கு இரண்டாவது கண்ணாடி ஒன்றும் வேண்டியிருக்கிறது, பருவத்துக்குப் பருவம் அதன் இடத்தைச் சரிசெய்துகொண்டு.

கண்ணாடியின் மேற்பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியப் பூச்சு 1930களில்தான் வானியலுக்கு வந்தது. அதற்கு முன் கண்ணாடியின் முன்முகத்தில் வெள்ளியைப் படியவைத்தார்கள். வெள்ளிக்கு ஈரமும் கந்தகமும் ஆகாது. சப்ரகமுவ மாகாணத்தில் இரண்டும் தாராளம். தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்குகிற சரிவுகள் இவை. மழை ஓய்ந்து வானம் வெளுப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த நேரத்தில்தான் இறப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துத் தளிர் விடும், தளிரில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தோட்டங்களில் கந்தகத்தூள் அடிப்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பு யாராவது எட்டியாந்தோட்டைப் பக்கம் வெள்ளிப்பூச்சுக் கண்ணாடியோடு வந்து இறங்கியிருந்தால், மழைக்காலத்தில் வானம் கிடைத்திருக்காது, வெயில் காலத்தில் கண்ணாடி கறுத்திருக்கும்.

ஆனால் தமிழ் மண்ணில் ஒரு மலையில் இந்தக் கண்ணாடிகள் நூறு வருடத்துக்கும் மேலாக வேலை செய்திருக்கின்றன. அந்த மலைக்கும் தோட்டத்து மக்களுக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதைவிட நெருக்கமானது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, இலட்சக்கணக்கானோர் செத்தார்கள், உயிர் தப்பியவர்கள் கிடைத்த திசையில் நடந்தார்கள். இலங்கைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்த வருடங்களில் வெகுவாக ஏறியது. அப்போது இங்கே கோப்பிக் காலம், அதுவும் இலைநோயில் சாகத் தொடங்கிவிட்ட காலம். மலையகக் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்தப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

அதே பஞ்சம் இன்னொரு கேள்வியையும் எழுப்பியது: மழை ஏன் பொய்த்தது? சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் வருடங்களில் பருவமழையும் குறைகிறதோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 1877இல் வானியலாளர் நார்மன் லொக்கியரும் பிரித்தானிய அதிகாரி வில்லியம் ஹண்டரும் சேர்ந்து, சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். சூரியனை நாள் தவறாமல் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் வேகத்தில்தான் சென்னையிலிருந்த பழைய வானாய்வகத்தின் வேலை மலைக்கு ஏறியது. பழனி மலையில், 2,300 மீற்றருக்கு மேல், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் இயங்கத் தொடங்கியது. முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித்.

பஞ்சத்தை முன்னறிவிக்கும் கனவு பலிக்கவில்லை. புள்ளிகளுக்கும் மழைக்கும் இடையே அவர்கள் தேடிய அந்த எளிய கணக்கு கிடைக்கவேயில்லை. தானியத்தைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்குப் பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடுவது வசதியாகவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் ஆய்வகம் நின்றது, பதிவு சேர்ந்தது.

அந்தப் பதிவுக்கு ஆதாரம் ஒரு கண்ணாடி. 46 சென்ரிமீற்றர் கண்ணாடியுள்ள ஃபூக்கோ வகைச் சைடரோஸ்டாட் வெயிலைப் பிடித்து 30 சென்ரிமீற்றர் வில்லைக்கு அனுப்பும், வில்லை 6 சென்ரிமீற்றர் அகலத்தில் சூரியனின் படத்தை விழுத்தும். அந்தப் படத்தை ஒரு மெல்லிய பிளவு வழியாகக் கீற்றுக் கீற்றாக வருடி, கல்சியம் அணு உமிழும் ஊதா நிறத்தில் மட்டும் தட்டில் பதிக்கும் கருவி ஒன்று பின்னால் இருந்தது. வருடிக்கொண்டிருக்கும்போது படம் துளி நகர்ந்தாலும் சூரியன் கோணலாகிவிடும். கனமான அந்தக் கருவியைத் தொலைக்காட்டியின் வாலில் கட்டித் தொங்கவிட வழியில்லை. ஆகவே கருவி தரையில், ஓட்டம் முழுக்கக் கண்ணாடிக்கு. 1904 முதல் இப்படிச் சேர்ந்த தட்டுகள் இன்று கணினிக்கு ஏறிவிட்டன. கரும்புள்ளிகள் கூடிக் குறையும் பத்துச் சுழற்சிகளை ஒரே இடத்திலிருந்து பார்த்த வரிசை உலகத்தில் அதிகமில்லை. இதே ஆய்வகத்தில்தான் 1909இல் ஜோன் எவர்ஷெட், கரும்புள்ளியின் அரைநிழற் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகச் செக்கனுக்கு 2 கிலோமீற்றர் அளவில் பாய்வதைக் கண்டார். இன்றைக்கும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது.

1950களின் கடைசியில் இன்னொரு பெரிய கருவி வந்தது, இங்கிலாந்தின் கிரப் பார்சன்ஸ் நிறுவனம் செய்த சுரங்கத் தொலைக்காட்டி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 11 மீற்றர் உயரமான ஒரு கோபுரமும் அதன் தலையில் ஒரு குடையும்தான் தெரியும். குடைக்குள் 60 சென்ரிமீற்றர் அகலமான சீலோஸ்டாட் கண்ணாடி சூரியனைத் தொடர்கிறது. அது இரண்டாவது கண்ணாடிக்கு அனுப்ப, அது கோபுரத்தின் வயிற்றுக்குள் செங்குத்தாகக் கீழே இறக்க, அடியில் மூன்றாவது கண்ணாடி வாங்கித் தரைக்குக் கீழே 60 மீற்றர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் கிடையாகத் திருப்புகிறது. சுரங்க வாயிலில் 38 சென்ரிமீற்றர் வில்லை. அது 36 மீற்றர் தள்ளிப் படத்தைக் குவிக்கிறது.

நீளம் ஏன் இவ்வளவு? படத்தின் அளவு குவியத் தூரத்தைப் பொறுத்தது. 10 மீற்றரில் 9 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் என்றால் 36 மீற்றரில் 34. இருட்டுக்குள் வெள்ளைப் பலகையில் ஒரு கொழுந்துத் தட்டளவு சூரியன் வந்து நிற்கிறது. அதில் பூமியை ஒட்டிவைத்தால் 3 மில்லிமீற்றர் புள்ளி. பெரிய கரும்புள்ளி ஒன்றின் கருநிழலுக்குள் மட்டும் பூமியை முழுதாகப் போட்டு மூட இடம் இருக்கிறது. பலகையின் நடுவில் உள்ள பிளவுக்குள் புள்ளியின் எந்த மூலையை நுழைப்பது என்று ஆய்வாளர் கையால் தெரிவுசெய்கிறார். நுழைந்த ஒளி மேலும் 18 மீற்றர் பயணப்பட்டு நிறமாலையாக விரிகிறது. இந்த வரிசையை ஒரு குழாயில் அடைத்து வானத்தில் தூக்கிச் சுழற்ற முயன்றால் தொலைக்காட்டி ஒரு கோயில் தேரைவிடப் பெரிதாகியிருக்கும்.

கோபுரம் எதற்கு, சுரங்கம் எதற்கு என்பதற்கும் விடை வெயிலில் இருக்கிறது. சூரியனைப் பார்க்கிற வேலை பகல் வேலை. தரை சூடேறினால் அதன்மேல் காற்று துடிக்கும், படமும் துடிக்கும். 11 மீற்றர் மேலே ஏறிவிட்டால் அந்தத் துடிப்பின் மோசமான பகுதி காலடியில் நின்றுவிடும். மண்ணுக்கு அடியில் வெப்பம் நாளெல்லாம் பெரிதாக மாறாது, ஆகவே உள்ளே காற்று அசையாது. எஞ்சியிருப்பது உச்சியில் வெயிலில் காயும் கண்ணாடி மட்டும். அதை வெப்பத்தில் அதிகம் விரியாத உருகிய குவாட்ஸில் செய்தார்கள்.

1960இல் வைணு பாப்பு கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்து, அந்தச் சுரங்கத்தை உலகத் தரத்துக்கு உழைக்கவைத்தார். நாலு வருடத்தில், தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் போய்ச் சேர்ந்தார்கள். பஞ்சம் பிரித்துப்போட்ட இரண்டு கிளைகளும் அப்படி ஒரே மலையில் சந்தித்தன, ஒன்றைப் பற்றி மற்றதற்கு ஒன்றும் தெரியாமலே.

கண்ணாடி வெயிலில் காய்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி 1919ஆம் வருடத்துக் கிரகணம். சூரியனுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திர ஒளி 1.75 வில்செக்கன் வளையும் என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருந்தார். நியூட்டனின் வழியில் கணக்குப் போட்டால் அதில் பாதிதான். ஒரு வில்செக்கன் என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. மே 29 கிரகணத்தைப் பிடிக்க எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பே தீவுக்கும், குரொமெலினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ரால் ஊருக்கும் போனார்கள். போருக்குப் பிந்திய அவசரம், கனமான தாங்கிகளுக்கு நேரமும் இல்லை வசதியும் இல்லை. தொலைக்காட்டிகளைக் கிடையாகக் கிடத்தி, முன்னால் சீலோஸ்டாட் வைத்தார்கள்.

சோப்ராலில் இரண்டு கருவிகள். முதன்மையானது 13 அங்குல வில்லை, அதற்கு 16 அங்குலக் கண்ணாடி. கண்ணாடியின் கோணலைச் சமாளிக்க வில்லையின் வாயை 8 அங்குலத்துக்கு மறைத்திருந்தார்கள். துணைக்கு எடுத்துப்போனது 4 அங்குல வில்லையுள்ள 19 அடிக் குழாய், 8 அங்குலக் கண்ணாடியோடு, அயர்லாந்திலிருந்து இரவல் வாங்கியது. கிரகணத்துக்கு முந்திய இரவுகளில் நட்சத்திரங்களைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்தார்கள். கிரகணம் முடிந்து, மறுநாள் விடியுமுன் பெரிய கருவியின் தட்டுகளைக் கழுவிப் பார்த்தால் நட்சத்திரங்கள் ஊசிமுனைகளாக இல்லாமல் கலங்கிக் கிடந்தன. காலை வெயில் 16 அங்குலக் கண்ணாடியை ஒரே சீராகச் சூடாக்காமல் இங்கொரு விதம் அங்கொரு விதம் விரியவைத்துவிட்டது, அதில் குவியமே மாறிப்போயிற்று என்பது அவர்கள் கண்ட காரணம்.

இரவல் கருவியின் சின்னக் கண்ணாடி தாக்குப்பிடித்தது. எட்டுத் தட்டில் ஏழு நன்றாக வந்தன. அவை தந்த விடை 1.98. கலங்கிய தட்டுகள் தந்தது 0.9 அளவில், அதாவது நியூட்டன் பக்கம். பிரின்சிப்பேயின் மேகத்தினூடே கிடைத்த சில நட்சத்திரங்கள் 1.61 என்றன. கலங்கிய தட்டுகளை ஓரம்கட்டியது நியாயமா என்று பிற்காலத்தில் சிலர் கேட்டார்கள். என் கணக்கில் நியாயம்தான். கண்ணாடி வளைந்திருப்பது படத்திலேயே தெரிகிறது, அது நட்சத்திரக் கூட்டத்தின் அளவுகோலையே நீட்டியோ சுருக்கியோ இருக்கலாம். நூற்றாண்டின் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று, வெயிலில் சூடேறிய கண்ணாடித் தகடு ஒன்றின் கையில் சில மணி நேரம் இருந்ததென்பது மட்டும் உண்மை.

சோப்ரால் பூமத்திய கோட்டுக்குத் தெற்கே 4 பாகைக்குள் இருக்கிற ஊர், நம்மைப்போலவே அச்சு படுத்துக் கிடக்கிற இடம். இலங்கைக்கும் அப்படியொரு வாய்ப்பு வந்தது. 1955 ஜூன் 20ஆம் திகதி முழுக் கிரகணம் தீவைக் கடந்தது. ஹிங்குரக்கொட, பொலன்னறுவைப் பக்கம் வெளிநாட்டு வானியலாளர்கள் பெட்டி பெட்டியாகக் கருவிகளை இறக்கினார்கள். பெரும்பாலானவர்களை மேகம் தோற்கடித்தது. கிரகண நேரத்தில் வதகஹ என்று சிங்களத்தில் வழங்கும் வசம்பைத் தின்றால் அழகு கூடும் என்று வதந்தி பரவி, தின்ற பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன கதைதான் நாட்டின் நினைவில் அதிகம் தங்கியிருக்கிறது.

கண்ணாடியைப் பெரிதாக்கினால் என்ன என்று பாரிஸ்காரர்கள் 1900ஆம் வருடக் கண்காட்சிக்குச் செய்து பார்த்தார்கள். 2 மீற்றர் அகலச் சைடரோஸ்டாட் கண்ணாடி, ஒன்றேகால் மீற்றர் வில்லை, 60 மீற்றர் அளவில் கிடைக்குழாய். கூட்டம் காசு கொடுத்து நிலாவைப் பார்த்தது. கண்காட்சி முடிந்ததும் வாங்க ஆளில்லை, கம்பனி முறிந்தது, குழாய் பழைய இரும்பாயிற்று. கண்ணாடி பாரிஸ் வானாய்வகத்துக்குப் போனது. சூரிய ஒளி ஏராளம், கண்ணாடியில் கொஞ்சம் வீணானாலும் கவலையில்லை. நட்சத்திர ஒளியில் ஒவ்வொரு துளியும் கணக்கு. ஆகவே நட்சத்திர வேலைக்கு இந்த வகைக் கண்ணாடிகள் மெல்ல ஒதுங்கின, தொலைக்காட்டியையே சுழற்றுகிற தாங்கிகள் வென்றன.

ஒதுங்கியவை திரும்பி வந்தது சீனாவில். பெய்ஜிங்குக்கு வடகிழக்கே சிங்லொங் மலையில் 2008இல் கட்டி முடித்த லாமோஸ்ட் தொலைக்காட்டியின் பெரிய கண்ணாடி அசையாமல் நிற்கிறது. முன்னால் 24 அறுகோணத் துண்டுகளால் ஆன இன்னொரு கண்ணாடி நட்சத்திரங்களைத் தொடர்ந்து அதற்கு ஒளி அனுப்புகிறது. சோப்ராலில் வெயில் செய்த வேலையை இங்கே மனிதர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள்: துண்டுகளுக்குப் பின்னாலுள்ள தள்ளுகோல்கள் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வானம் நகர நகரப் பெரிய கண்ணாடியின் உருவப் பிழையைச் சரிக்கட்டுகின்றன. குவியத் தளத்தில் 4,000 ஒளியிழைகள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியை வாங்கி நிறமாலைமானிக்கு எடுத்துப்போக.

சிலியின் பரனால் மலையில் கண்ணாடி வேறு விதமாக நகர்கிறது. தூரத் தூர நிற்கும் தொலைக்காட்டிகள் ஒரே நட்சத்திரத்தின் ஒளியைத் தரைக்குக் கீழே கொண்டுவந்து ஒன்றோடொன்று மோதவிடுகின்றன. ஒரு பாதை மற்றதைவிட ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் காரியம் கெட்டுவிடும். நட்சத்திரம் வானத்தில் சாயச் சாயப் பாதைகளின் வித்தியாசம் மாறிக்கொண்டேயிருக்கும். அதை ஈடுகட்ட, 60 மீற்றர் தண்டவாளத்தில் ஒரு வண்டி கண்ணாடியைச் சுமந்து இரவெல்லாம் ஊர்கிறது. 8.2 மீற்றர் தொலைக்காட்டிகளை இணைக்கும் முன், 2001 மார்ச் மாதம், அந்தத் தண்டவாளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒளி கொடுத்தவை இரண்டு 40 சென்ரிமீற்றர் சைடரோஸ்டாட்டுகள்.